பழைய வான்களின் குளிரூட்டும் விசிறி: மோட்டாரும் மின்சுற்றும்

கொழும்பிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் ஏ4 பெருந்தெரு, இரத்தினபுரியைக் கடந்து, பெல்மதுளைச் சந்தியை அடைந்து, ஓப்பநாயக்க வழியாகப் பலாங்கொடைக்கு ஏறுகின்றது. அப்பாற் சென்று பெரகலையிற் பிரிந்து மேலும் ஏறுவோர், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1400 மீற்றர் உயரத்திலுள்ள அப்புத்தளையை அடைவர். இரு மருங்கும் தேயிலையும் இறப்பரும் செறிந்த இவ்வழியிலே, முன்னொரு காலத்தில் மக்களுக்கும் பண்டங்களுக்கும் புகையிரதமே பெருந்துணையாயிருந்தது. இரண்டடி ஆறங்குல அகலமுடைய களனிப் பள்ளத்தாக்குப் பாதை 1912 இல் இரத்தினபுரியையும், 1919 இல் ஓப்பநாயக்கவையும் அடைந்தது. ஓப்பநாயக்கவே அதன் கடைசி நிலையம். அவிசாவளைக்கு அப்பாலுள்ள அப்பகுதி 1970களில் மூடப்பட்டது. அன்று தொட்டு இப்பகுதித் தோட்டங்களில் வாழ்வோர் பிரயாணத்திற்குத் தெருவையே நம்பி வாழ்கின்றனர்.

பஸ் வண்டி ஓடாத நேரத்தில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும், பரீட்சை எழுதும் பிள்ளைகளை ஏற்றிச் செல்வதும், மணவீட்டாரையும் யாத்திரிகரையும் சுமப்பதும் பெரும்பாலும் வாடகை வான்களே. அவற்றுட் பல இருபது முப்பது ஆண்டுகள் உழைத்தவை. இன்னும் சில, உட்புறத்தே படுக்கையும் அடுப்பும் பொருத்தப்பட்டு, நாடு காண வருவோரின் பயண வான்களாக மலைநாட்டுத் தெருக்களில் ஏறி இறங்குகின்றன. இத்தகைய பழைய வண்டிகளை ஏற்றத்தில் நிறுத்திவிடும் நோய்களுள் தலையாயது எஞ்சின் கொதித்தல். அதற்குரிய காரணங்களுள் மிக அதிகமாகத் தவறாக விளங்கிக் கொள்ளப்படுவது, றேடியேற்றரைக் குளிரச் செய்யும் மின்விசிறியின் பழுது.

நம் மாணாக்கர் வகுப்பறையிலே ஓமின் விதியைக் கற்கின்றனர். அதே விதி, ஓர் ஏழைச் சாரதியின் ஒரு மாத வருவாயைக் காக்கவல்லது என்பதை அறிவாரோ எனின், ஐயமே. ஆதலின், இவ்விழா மலரிலே அவ்விதியைத் தெருவோரத்திற்குக் கொண்டு சென்று காட்டுதல் பொருத்தமாகும் எனக் கருதுகின்றோம்.

1. வெப்பம் எவ்வளவு?

எரிபொருளில் அடங்கிய சக்தி முழுவதும் சில்லைச் சுழற்றப் பயன்படுவதில்லை. பருமட்டாக மூன்றிலொரு பங்கு வேலையாகவும், மற்றொரு பங்கு புகைக்குழாய் வழியே செல்லும் வெப்பமாகவும், எஞ்சிய பங்கு எஞ்சினைச் சூழ்ந்தோடும் நீர் ஏற்கும் வெப்பமாகவும் பிரிகின்றன என்று கொள்ளலாம். இதனை ஒரு கணக்கினால் விளக்குவோம்.

ஆட்களும் சுமையும் உட்பட 2000 கிலோகிராம் நிறையுள்ள வான் ஒன்று, நூற்றுக்கு ஆறு என்னும் சரிவுள்ள ஏற்றத்திலே, மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுகின்றது என்க. வண்டியைப் பின்னோக்கி இழுக்கும் விசை 2000 × 9.8 × 0.06, அஃதாவது 1176 நியூற்றன். வேகம் செக்கனுக்கு 8.33 மீற்றர். இரண்டையும் பெருக்க ஏறக்குறைய 9800 வாற்று வரும். சில்லுகள் உருள்வதிலுள்ள தடையையும் சேர்த்தால் 12 கிலோவாற்று எனலாம். சில்லுக்கு 12 கிலோவாற்று சென்றால், நீருக்கும் ஏறத்தாழ அத்தனை வெப்பமே செல்லும். ஆயிரம் வாற்று வலுவுள்ள பன்னிரண்டு மின்கேத்தல்களை ஒருங்கே ஏற்றி வைத்ததற்கு அது சமம்.

இவ்வெப்பம் வெளியேறாது தங்கினால் யாது நிகழும்? எஞ்சினில் 150 கிலோகிராம் இரும்பும் 10 லீற்றர் நீரும் உள்ளன எனக் கொண்டால், அவையனைத்தையும் ஒரு பாகை சூடாக்க ஏறக்குறைய 110 கிலோயூல் வேண்டும். செக்கனுக்கு 12 கிலோயூல் வந்து சேர்ந்தால், மூன்று நிமிடத்திலே வெப்பநிலை இருபது பாகை உயர்ந்துவிடும். ஒரு பாட்டுக் கேட்டு முடிவதற்குள் நல்ல நிலையிலிருந்த எஞ்சின் கெட்ட நிலைக்கு வந்துவிடும் என்பது இதனாற் புலனாகும். சாரதி முள்ளைப் பாராது அடுத்த வளைவு வரை ஓட்டிப் பார்ப்போம் என்று எண்ணுவது எத்துணை ஆபத்தானது என்பதும் இதனால் விளங்கும்.

2. விசிறி வேண்டுவது எப்பொழுது?

வண்டி விரைந்தோடும்போது எதிர்க்காற்றே றேடியேற்றரைக் குளிரச் செய்யும்; மணிக்கு ஐம்பது அறுபது கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் விசிறிக்கு வேலை மிகக் குறைவு. சுமை லொறியின் பின்னே ஊர்ந்து ஏறும்போதும், சந்தியிற் காத்து நிற்கும்போதும் எதிர்க்காற்று இல்லை. எஞ்சினின் வெப்பமோ குறைவதில்லை. அந்நேரத்திலேயே விசிறி உயிர்நாடியாகின்றது.

இதிலிருந்து பழுதறிவதற்கு முதலாவது குறிப்புக் கிடைக்கின்றது. மெல்ல ஏறும்போது சூடாகிச் சமதரையில் ஓடும்போது தணிகின்ற வண்டிக்கு விசிறியிலே குறை இருத்தல் கூடும். சமதரையில் வேகமாக ஓடும்போதே சூடாகின்ற வண்டிக்கு விசிறியிற் குறை தேடுவது வீண். அடைபட்ட றேடியேற்றர், தேய்ந்த நீர்ப்பம்பு, திறவாத தெர்மோஸ்டாட் ஆகியவற்றையே நோக்க வேண்டும்.

எல்லா வான்களிலும் மின்விசிறி இல்லை என்பதையும் ஈண்டு நினைவிற் கொள்க. நம் நாட்டில் மிகுந்து காணப்படும் டொயோட்டா ஹயேஸ் முதலிய யப்பானிய டீசல் வான்கள் பலவற்றில், றேடியேற்றர் விசிறி எஞ்சினாலேயே சுழற்றப்படுகின்றது. இடையிலே சிலிக்கோன் எண்ணெய் நிரம்பிய இணைப்பு ஒன்று உண்டு. காற்று சூடாகுந்தோறும் அவ்விணைப்பு இறுகி விசிறியை வேகமாகச் சுழற்றும். எண்ணெய் கசிந்துவிட்டால் விசிறி சோம்பிச் சுழலும். இவ்வண்டிகளில் மின்விசிறி இருப்பின், அது பெரும்பாலும் குளிர்சாதனத்திற்கு உரியதாகும்.

வொக்ஸ்வாகன் வான்களின் வரலாறு வேறு. 1950 இல் உற்பத்தி தொடங்கிய முதல் வகையும், பின் வந்த இரண்டாம் வகையும் காற்றினாலேயே குளிர்ந்தன. அவற்றுக்கு றேடியேற்றரே இல்லை. 1979 இல் வந்த மூன்றாம் வகை தொடக்கத்திற் காற்றினாற் குளிர்ந்தது. 1980களின் முற்பகுதியில் முதலில் டீசல் எஞ்சினும், பின்னர்ப் பெற்றோல் எஞ்சினும் நீரினாற் குளிர்வனவாயின. எஞ்சின் பின்புறத்திலும் றேடியேற்றர் முன்புறத்திலும் இருப்பதால், நீண்ட குழாய்கள் வண்டியின் அடியே ஓடுகின்றன. நிரப்ப வேண்டிய நீரும் 15 லீற்றருக்கு மேற்படும். எஞ்சினுக்கும் றேடியேற்றருக்கும் இடையே வண்டியின் நீளமே கிடத்தலால், எஞ்சின் விசிறியைச் சுழற்ற இயலாது. மின்மோட்டார் ஒன்றே வழி. பயண வான்களாக உலகெங்கும் பேர் பெற்றவை இவையே. ஆதலின் இப்பாடத்திற்கு இவற்றைச் சிறந்த உதாரணமாகக் கொள்ளலாம். கூறப்படும் முறையோ மின்விசிறியுள்ள எவ்வண்டிக்கும் பொருந்தும்.

3. மோட்டாரின் இயல்பு

விசிறி மோட்டார் நிலைக்காந்தம் கொண்ட எளிய நேரோட்ட மோட்டார். சுழலும் சுருளுக்கு மின்னோட்டத்தைக் கொண்டு சேர்ப்பன இரண்டோ நான்கோ கரித்துண்டுகள். அவற்றைப் பிறஷ் என்பர். கரி தேயும், வில் தளரும், தூசி படியும். தேய்ந்த மோட்டார் சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. அதன் உடலைக் கட்டையால் மெதுவாகத் தட்டியவுடன் ஓடத் தொடங்கினால், கரித்துண்டின் ஆயுள் முடிந்தது என்று துணியலாம்.

இம்மோட்டாரின் இயல்புகளுள் மூன்றை மனத்திற் கொள்ள வேண்டும். ஒன்று: கம்பிகளை மாற்றித் தொடுத்தால் மோட்டார் எதிர்த்திசையிற் சுழலும். விசிறி சுழல்கின்றது என்று கண்டு மகிழ்ந்த திருத்துநர், காற்று எத்திசையிற் செல்கின்றது எனக் காகிதத் துண்டொன்றைப் பிடித்துப் பார்க்கத் தவறினால், எதிர்க்காற்றைத் தடுக்கும் விசிறியொன்றை அமைத்தவராவார். இரண்டு: சுழற்சி வேகம் ஏறக்குறைய மின்னழுத்தத்தைப் பொறுத்தது, காற்றின் அளவு வேகத்தைப் பொறுத்தது. எனவே மோட்டாரை அடையும் அழுத்தம் குறையக் காற்றும் குறையும். மூன்று: அச்சுத் தண்டு இறுகிச் சுழலாது நின்றால், மோட்டார் வழக்கமான அளவிற் பன்மடங்கு மின்னோட்டத்தை உறிஞ்சும். பியூஸ் என வழங்கும் உருகி உருகுவது அப்பொழுதே. உருகியைக் குறை கூறுதல், தீயணைப்பு மணியைக் குறை கூறுவதை ஒக்கும்.

4. மின்சுற்றின் உறுப்புக்கள்

விசிறிச் சுற்றிலே ஐந்து உறுப்புக்கள் உள்ளன: பற்றரி, உருகி, றிலே, வெப்ப ஆளி, மோட்டார். இவற்றை இணைக்கும் கம்பிகளும், ஏர்த் எனப்படும் புவித்தொடுப்பும் ஆறாவது உறுப்பு எனத்தக்கன. பழுதுகளிற் பெரும்பாலானவை இந்த ஆறாவதிலேயே ஒளிந்திருக்கின்றன.

வெப்ப ஆளி றேடியேற்றரிலே திருகப்பட்டிருக்கும். நீர் குறித்த வெப்பநிலையை அடைந்ததும் அது சுற்றை மூடும். இரு வேக விசிறிகளில் அது இரு படிகளாகத் தொழிற்படும்: முதற்படி பெரும்பாலும் 90 பாகை செல்சியசுக்குச் சற்று மேலேயும், இரண்டாம் படி 100 பாகையை அண்டியும் அமையும். வண்டிக்கு வண்டி இது வேறுபடும். பெரும்பாலும் ஆளியின் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். சாரதியின் முன்னுள்ள முள்ளுக்குச் செய்தி அனுப்பும் உறுப்பு வேறு. அது எஞ்சினிலே உள்ளது. முள் உயர்ந்தும் விசிறி சுழலாததற்கு, இவ்விரண்டும் வெவ்வேறிடங்களில் இருத்தலே சில வேளை காரணமாகும்.

முதற்படியிலே விசிறி மெல்லச் சுழல வேண்டும். அதற்காக மோட்டாருடன் தொடராக ஒரு தடை வைக்கப்படுகின்றது. மோட்டாருக்கு 7 வோல்ற்றும் 10 அம்பியரும் போதும் எனின், 12 வோல்ற்றில் எஞ்சிய 5 வோல்ற்றைத் தடை ஏற்க வேண்டும். அத்தடை அரை ஓம். அதிலே 50 வாற்று வெப்பம் பிறக்கும். ஆகையினால் அதனைக் காற்றோட்டமுள்ள இடத்திலே பொருத்துவர். மழையும் சேறும் வெப்பமும் மாறி மாறித் தாக்க, அது காலப்போக்கில் அறுந்துவிடும். அப்பொழுது மெல்லிய வேகம் அற்றுப்போக, விரைவு வேகம் மட்டும் எஞ்சும். முள் வழக்கத்தினும் மேலே ஏறிய பின்னர் விசிறி திடீரென்று பேரிரைச்சலுடன் தொடங்கும் வண்டிக்குப் பெரும்பாலும் இந்நோயே.

விசிறியின் முழு மின்னோட்டத்தையும் வெப்ப ஆளியே சுமக்குமாயின், அதன் தொடுமுனைகள் கருகும். றிலே வேண்டப்படுவது இதனாலேயே. றிலேயின் 85, 86 என்னும் முனைகளுக்கிடையே மெல்லிய சுருள் உள்ளது. அஃது எடுப்பது ஓர் அம்பியரின் சிறு பின்னமே. அச்சுருள் காந்தமாகி, 30, 87 என்னும் முனைகளை இணைக்கும். மோட்டாரின் மின்னோட்டம் இவற்றின் வழியே செல்லும். இவ்விலக்கங்கள் ஐரோப்பிய வண்டிகளில் மட்டுமன்றி, கடையில் வாங்கும் பொது றிலேக்களிலும் பொறிக்கப்பட்டிருப்பதால், மாணாக்கர் இவற்றை நினைவிற் கொள்வது நன்று.

இன்னுமொன்று. பல வண்டிகளில், சாவியை எடுத்த பின்னரும் விசிறி தானே சுழலத் தொடங்கும்படி சுற்று அமைக்கப்பட்டுள்ளது. சூடான எஞ்சினருகே கை வைப்போர், பற்றரியின் தொடுப்பைக் கழற்றாது விசிறியைத் தொடலாகாது.

5. தடையின் கணக்கு

இனி இப்பாடத்தின் மையத்திற்கு வருவோம். 12.5 வோல்ற்றிலே 250 வாற்று வலுவுள்ள மோட்டார் 20 அம்பியர் எடுக்கும். பற்றரியிலிருந்து மோட்டாருக்கு 3 மீற்றர். திரும்பி வர 3 மீற்றர். ஆக 6 மீற்றர் செப்புக்கம்பி வேண்டும் என்க. ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குப் பரப்புள்ள செப்புக்கம்பிக்கு மீற்றருக்கு 0.0175 ஓம் தடை உண்டு.

கம்பி 1 சதுர மில்லிமீற்றராயின், தடை 0.105 ஓம், 20 அம்பியர் ஓடும்போது 2.1 வோல்ற்று வழியிலேயே இழக்கப்படும். 2.5 சதுர மில்லிமீற்றராயின் இழப்பு 0.84 வோல்ற்று. 4 சதுர மில்லிமீற்றராயின் 0.53 வோல்ற்று மட்டுமே. வானொலிப் பெட்டிக்குப் போட்ட மெல்லிய கம்பியை விசிறிக்கும் போடுவோர், மோட்டாரை அரைப்பட்டினி போடுகின்றனர் என்பது இதனால் வெளியாகும்.

கம்பி நன்றாயிருந்தாலும் தொடுப்பு நன்றாயிராவிடின் பயனில்லை. பச்சை பூத்த ஒரு தொடுப்பிலோ, துருவின் மேல் முடுக்கிய ஒரு புவித்தொடுப்பிலோ பத்திலொரு ஓம் தடை ஏற்பட்டது என்க. 20 அம்பியர் ஓடுமாயின் அங்கே இழக்கப்படுவது 2 வோல்ற்று. பிறக்கும் வெப்பம் 20 × 20 × 0.1, அஃதாவது 40 வாற்று. ஈயம் உருக்கும் சிறிய சூட்டுக்கோலின் வலு அத்துணையே. சூட்டுக்கோலொன்றை எந்நேரமும் அத்தொடுப்பில் ஊன்றி வைத்தது போல, பிளாஸ்டிக் உறை உருகும், செம்பு கருகும், கருகிய செம்பின் தடை மேலும் பெருகும். நோயே நோயை வளர்க்கும் நிலை இது. இரத்தினபுரி மாவட்டம் இந்நாட்டில் மழை மிகுந்த பகுதிகளுள் ஒன்று. வண்டியின் முன்புறத்தே தாழ்வாக அமைந்த இத்தொடுப்புக்கள் ஆண்டு முழுவதும் நனைகின்றன என்பதையும் சேர்த்து எண்ணுக.

இங்கே வோல்ற்றுமானியை வைத்திருப்போரும் ஏமாறும் ஓரிடம் உண்டு. மோட்டாரைக் கழற்றிவிட்டு, வெறுங்கம்பியின் முனையில் மானியை வைத்தால், அது 12 வோல்ற்று என்றே காட்டும். மானி எடுக்கும் மின்னோட்டம் மிகச் சொற்பம். மின்னோட்டம் இன்றேல் தடையில் இழப்பும் இல்லை. நூறு இழைகளில் ஒன்று மட்டும் எஞ்சிய கம்பியும் அச்சோதனையிற் சித்தி பெறும். கம்பி நன்று, மோட்டாரே பழுது என்று தீர்ப்பளித்துப் புது மோட்டார் வாங்கிப் பூட்டுவர். புது மோட்டாரும் அதே கம்பியில் அதே போல் வாடும். எனவே, சுமை ஓடும்போதே அளக்க வேண்டும்.

முறை இதுவே. மோட்டாரை இணைத்து ஓடவிடுக. மானியின் ஒரு முனையைப் பற்றரியின் நேர் முனையிலும், மற்றதை மோட்டாரின் நேர் முனையிலும் வைக்க. காட்டும் எண் செல்லும் வழியின் இழப்பு. அவ்வாறே பற்றரியின் எதிர் முனைக்கும் மோட்டாரின் எதிர் முனைக்குமிடையே அளக்க. அது திரும்பும் வழியின் இழப்பு. ஒவ்வொன்றும் அரை வோல்ற்றுக்கு உட்பட்டிருப்பின் நன்று. ஒரு வோல்ற்றைத் தாண்டினால், அவ்வழியிலுள்ள தொடுப்புக்களை ஒவ்வொன்றாகத் தாண்டித் தாண்டி அளந்து வர, கள்வன் ஒளிந்திருக்கும் தொடுப்பு தானே வெளிப்படும். சுரண்டித் துலக்கி, இறுக முடுக்கி, கிறீஸ் தடவினால் பெரும்பாலும் தீரும். செலவு ஒரு துண்டு உப்புத்தாள்.

6. பழுதறியும் ஒழுங்கு

வண்டி சூடாகி விசிறி சுழலாதிருப்பின், பின்வரும் ஒழுங்கிலே ஆராய்க.

முதலாவதாக, றேடியேற்றர் சூடாயிருக்கின்றதா என்று புறங்கையை அருகே கொண்டு சென்று பார்க்க. எஞ்சின் கொதிக்க றேடியேற்றர் குளிர்ந்திருப்பின், வெந்நீர் அங்கு வந்து சேரவில்லை என்பது பொருள். தெர்மோஸ்டாட் திறவாதிருக்கலாம், பம்பு பழுதாகியிருக்கலாம், குழாயிலே காற்றடைப்பு இருக்கலாம். நீண்ட குழாயுள்ள வொக்ஸ்வாகன் மூன்றாம் வகையில் இக்காற்றடைப்பு பேர்போனது. ஆளி குளிர்ந்திருக்க விசிறி சுழலாதது குற்றமன்று; அது தன் கடமையைச் செய்கின்றது.

இரண்டாவதாக, றேடியேற்றர் சூடாயிருந்தும் விசிறி சுழலாவிடின், வெப்ப ஆளியின் கம்பிகளைக் கழற்றி, அவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்க. விசிறி சுழன்றால் ஆளியே பழுது. அதனை மாற்றுவது எளிது. எஞ்சின் குளிர்ந்த பின்னரே கழற்றுக.

மூன்றாவதாக, அப்பொழுதும் சுழலாவிடின் உருகியை நோக்குக. பழைய ஐரோப்பிய வண்டிகளிலுள்ள கூர்முனை உருகிகள் உருகாமலே தொடர்பற்றுப் போவதுண்டு. முனைகளில் வெண்பூஞ்சணம் போலப் படிந்திருக்கும். விரலாற் சுழற்றிவிட உயிர் பெறுமாயின், பிடிப்புக்களைத் துலக்க வேண்டும்.

நான்காவதாக, உருகி பொருத்திய தடித்த கம்பியொன்றைப் பற்றரியிலிருந்து நேரே மோட்டாருக்குக் கொடுக்க. சுழன்றால் மோட்டார் நன்று. குறை றிலேயிலோ கம்பியிலோ உள்ளது. சுழலாவிடின் மட்டுமே மோட்டாரைக் கழற்றுக. அப்பொழுதும் முதலிற் கரித்துண்டுகளை நோக்குக.

காண்க: மோட்டாரைக் கழற்றுதல் இவ்வொழுங்கிலே கடைசியில் வருகின்றது. நடைமுறையிலோ அதுவே முதலிற் செய்யப்படுகின்றது.

7. கொதிநிலையும் மூடியும்

மலைநாட்டில் வண்டி ஓட்டுவோர் அறிய வேண்டிய பௌதிக உண்மை ஒன்று உண்டு. உயரம் கூடக் காற்றழுக்கம் குறைகின்றது; அதனால் ஏறக்குறைய 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் நீரின் கொதிநிலையும் குறைகின்றது. அப்புத்தளையிலே திறந்த பாத்திரத்தில் நீர் 95 பாகையை அண்டிக் கொதித்துவிடும். விசிறியின் இரண்டாம் படியோ 100 பாகையை அண்டியே தொடங்குகின்றது. அங்ஙனமாயின் விசிறி தொடங்கு முன்னரே நீர் கொதிக்குமன்றோ?

கொதியாமைக்குக் காரணம் அழுக்க மூடியே. அது வளி மண்டலத்தின் அழுக்கத்தோடு ஏறக்குறைய இன்னொரு வளி மண்டல அழுக்கத்தை உள்ளே தேக்கி வைக்கின்றது. அதனால் கடலோரத்திலே கொதிநிலை 119 பாகை வரையிலும், அப்புத்தளையிலே 116 பாகை வரையிலும் உயர்கின்றது. மூடியின் இறப்பர் வளையம் வெடித்திருந்தால் இக்காவல் முழுவதும் போய்விடும். விசிறி, மோட்டார், கம்பி யாவும் நன்றாயிருந்தும் மேலே ஏற ஏறக் கொதிக்கும் வண்டிக்கு, மிக மலிவான அம்மூடியே காரணமாதல் உண்டு. வெறும் நீருக்குப் பதிலாக உரிய குளிர்திரவம் கலந்து நிரப்பினால், கொதிநிலை இன்னும் சற்று உயர்வதோடு உட்புறத் துருவும் தடுக்கப்படும்.

8. வழியோரப் பரிகாரங்கள்

வழியிலே செய்யப்படும் சில பரிகாரங்கள் நோயினும் கொடியவை. அவற்றுள் மூன்றை மட்டும் கூறுவோம்.

உருகி அடிக்கடி உருகுகின்றது என்று பெரிய உருகியையோ, செப்புக்கம்பியையோ, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளையோ செருகுதல் முதலாவது. உருகி காப்பது மோட்டாரையன்று; கம்பியை. கம்பி தாங்கக்கூடிய அளவினும் உருகியின் அளவு குறைந்திருத்தல் வேண்டும். 20 அம்பியர் மோட்டாருக்கு 30 அம்பியர் உருகியும், அதனைத் தாங்கும் 4 சதுர மில்லிமீற்றர் கம்பியும் தகும். உருகி பற்றரிக்கு அருகில் இருத்தல் வேண்டும். இவ்வொழுங்கு மாறினால், இறுகிய மோட்டார் ஒன்று கம்பிக்கட்டு முழுவதையும் எரித்துவிடும். படுக்கையும் திரைச்சீலையும் எரிவாயு அடுப்பும் உள்ள பயண வானிலே அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிதல் இரண்டாவது. கீழ்நாட்டில் எஞ்சின் உரிய சூட்டை அடையாது எரிபொருளை வீணாக்கித் தேயும். சிலவகை எஞ்சின்களில் நீர் றேடியேற்றருக்குச் செல்லாது குறுக்குவழியிற் சுற்றி, முன்னினும் சூடாகும்.

சாரதியின் முன்னே ஒரு சிறு சுவிச்சை வைத்து, விசிறியின் முழு மின்னோட்டத்தையும் அதன் வழியே செலுத்துதல் மூன்றாவது. சுவிச் வைப்பது தவறன்று. ஏற்றம் தொடங்கு முன்னரே விசிறியை ஓடவிட அது பெரிதும் உதவும். ஆயின் அச்சுவிச் றிலேயின் சுருளை மட்டுமே இயக்க வேண்டும். வெப்ப ஆளியும் தன் இடத்திலேயே இருக்க வேண்டும். மறதி மனிதருக்கு உண்டு, ஆளிக்கு இல்லை.

முள் சிவப்பை அணுகினால் சாரதி செய்யத்தக்கன சிலவே. குளிர்சாதனத்தை நிறுத்துக. வண்டியிலே சூடாக்கி இருப்பின் அதனை முழுவதும் திறக்க. அதுவும் ஒரு சிறு றேடியேற்றரே. தணியாவிடின் நிழலில் ஒதுக்கி எஞ்சினை நிறுத்துக. மூடியைத் திறவற்க, அழுக்கம் நீங்கிய கணமே 100 பாகைக்கு மேற்பட்ட நீர் ஆவியாகப் பீறிட்டு முகத்தைச் சுடும். கொதித்த எஞ்சினிற் குளிர்நீர் ஊற்றினால் இரும்பு வெடிக்கும். அரை மணி நேரம் காத்திருப்பது, எஞ்சின் தலை வளைந்து ஒரு மாதம் காத்திருப்பதினும் மேலானது.

முடிவுரை

இப்பாடத்திற் கூறியவற்றை ஒரே வாக்கியத்தில் அடக்குவதாயின், மோட்டாரை மாற்று முன் மின்னோட்டத்தின் வழியை அளந்து பார் என்பதாகும். வாடகை வான் ஒன்று ஓப்பநாயக்க ஏற்றத்திலே நின்றுவிட்டால், நிற்பது இரும்பு மட்டுமன்று. மருத்துவமனை சேர வேண்டிய நோயாளியின் நேரம் நிற்கின்றது. அன்றைய உழைப்பை எதிர்பார்த்திருக்கும் சாரதியின் வீட்டு அடுப்பும் நிற்கின்றது. அவற்றைக் காக்க வேண்டிய அறிவு பெரும் பொறியியலாளரிடம் மட்டும் இருப்பதன்று. பள்ளி மாணவன் கற்கும் ஓமின் விதி, விலை குறைந்த ஒரு மானி, ஒழுங்காகச் சிந்திக்கும் பழக்கம் என்னும் மூன்றுமே அதற்குப் போதும்.

பழைய மாணவருள் கராஜ் நடத்துவோரும், வண்டி வைத்திருப்போரும், தோட்டங்களிலே இயந்திரங்களைப் பராமரிப்போரும் பலர். அவர்கள் விடுமுறைக் காலத்தில் நம் மாணாக்கர் இருவர் மூவரை அருகழைத்து, ஓடும் விசிறியின் இரு முனைகளிலும் மானியை வைத்து அளக்கச் செய்வாராயின், கரும்பலகையிற் கண்ட எழுத்துக்கள் அன்று அவர்களுக்கு உயிர் பெறும். மாணாக்கரும் அறியாததை அறியாதென ஒப்பி, அளந்து அறிந்ததை மட்டுமே துணிந்து கூறும் ஒழுக்கத்தைப் பெறுவர். விஞ்ஞானக் கல்வியின் பயன் அதுவே. அப்பயனை நம் கல்லூரி மேன்மேலும் நல்குக.